வண்டிக்கு வாய்த்த மூஞ்சி

என்னுடையது ஜெராக்ஸ் கடை. ஒரு பக்கம், தெருவே அக்கா என்று கூப்பிடுகிறவளின் டிரைவிங் ஸ்கூல், மறுபக்கம் அக்காவின் அண்ணனுடைய டயர் கடை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்தில் அடித்தால் தாளமாவது வரும். என் கடையில் அதுவும் வராது, கார் பேச்சுதான் வரும்.

எந்த மகராசனோ ஒரு பழைய வேனின் பின்சீட்டைக் கழற்றி என் கடை வாசலில் போட்டுவிட்டுப் போனான். அவன் நன்றாக இருக்கட்டும். அந்தச் சீட்டில் காலை பத்து மணிக்கு மூன்று பேர் உட்கார்வார்கள். ஒருவர் அக்காவின் புருஷன். இருபத்திரண்டு வருஷம் ஒரு வெளிநாட்டுக் கார் கம்பெனியின் ஷோரூமில் விற்பனை பார்த்தவர். அந்தக் கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய் ஆறு வருஷம் ஆகிறது. இவர் இன்னும் 'எங்க கம்பெனி' என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அவருக்குப் பெயரே கம்பெனி. அடுத்தவர் அக்காவின் அண்ணன், டயர்க்காரர். மூன்றாவது ஆள் போர்டு எழுதும் பெயின்டர். ரோட்டில் எந்தக் கார் போனாலும் அதன் மூக்கைப் பார்த்துக் குறை சொல்வதால் அவரை மூக்கு என்போம். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சண்டைக்கு ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டுக் கம்பெனியும் இங்கிருந்த ஒரு கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து ஒரு கார் போட்டன. பிறகு முட்டிக்கொண்டன. வெளிநாட்டுக்காரன் மூட்டை கட்டினான். உள்ளூர்க்காரன் அதே காரில் முன்பக்கத்தை மட்டும் கொஞ்சம் மாற்றித் தன் பெயரில் விற்றான். 'என் மூஞ்சியைத் திருடிவிட்டான்' என்று வெளிநாட்டுக்காரன் வழக்குப் போட்டான். வழக்கு எந்தக் கோர்ட்டில் நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் கடை வாசலில் தினமும் நடந்தது.

"கண்ண லேசா மேல இழுத்து, வாயச் சின்னதா வச்சு, எங்க கம்பெனி போட்ட மூஞ்சி அது" என்பார் கம்பெனி. "இவனுங்க கண்ணச் சதுரமாக்கி, வாய அகலமாக்கிட்டு எங்க சொந்தப் புள்ளைங்கறானுங்க. மாப்ளன்னா எதுக்கும் தலையாட்டுவான்னு நெனைக்காதீங்க மச்சான். இது திருட்டு."

"ஓடிப்போனவன் கொடியில போட்டுட்டுப் போன சட்டைய, இருக்கறவன் எடுத்துப் போட்டா திருட்டா மாப்ள?"

"ஏன் ஓடுனான்? வரியப் போட்டுத் தாளிச்சா ஓடாம என்ன பண்ணுவான்?"

"வரி போடலன்னா ஒரு நட்டு கூட இங்க செய்யமாட்டான். எல்லாத்தையும் பெட்டில கொண்டாந்து பூட்டி விப்பான். நம்ம ஆளுங்க பெட்டி பிரிச்சிட்டுக் கெடக்க வேண்டியதுதான்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க" என்பார் மூக்கு. "அதுக்கு மூக்கே சரியில்ல. மூக்கு இருக்க வேண்டிய எடத்துல சல்லடைய வச்சிருக்கான். சல்லடைக்கு எவனாவது கேஸ் போடுவானா?"

இந்த நேரத்தில் அக்கா கையில் சாவியோடு வெளியே வருவாள். "கேஸ் முடிஞ்சதும் அந்தச் சீட்டக் கொஞ்சம் நகத்துங்க. வண்டி திருப்பணும்."

அக்காவிடம் ஒரே ஒரு கார். அந்தச் சண்டைக்கார மாடல்தான். ஷோரூம் மூடுகிற வாரத்தில் கம்பெனி தன் பங்காகக் கொண்டுவந்து நிறுத்திய கடைசி வண்டி, அதுவரை ஸ்கூலில் ஓடிய பழைய காருக்குப் பதிலாக. அக்கா அதில் இரட்டை பிரேக், இரட்டை கிளட்ச் பொருத்தி, 'பழகுநர்' பலகை மாட்டினாள். காலை ஆறு மணிக்கு இறங்கினால் மாலை வரை ஓட்டம். ஒரு நாளைக்கு எட்டுப் பேர். பெரும்பாலும் பெண்கள். ஐம்பது வயது நர்ஸ் முதல் நேற்றுக் கல்யாணமான பெண் வரை. எதிர்வரிசையில் பெரிய ஸ்கூல் ஒன்று பத்துக் காரோடு இருந்தும் அவர்கள் இங்கே வரக் காரணம், அக்கா கத்தமாட்டாள். மேட்டில் வண்டி பின்னால் உருண்டாலும் "ஒண்ணும் இல்ல, கிளட்ச மெதுவா விடு" என்பாள். கத்தலையெல்லாம் சேர்த்துவைத்து வீட்டுக்கு எடுத்துப்போவாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. மத்தியானம் ஸ்கூல் மேஜையில் ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்து நின்றபடியே சாப்பிடுவாள். உட்கார்ந்தால் முட்டி திரும்ப நிமிராது என்பாள். பதினோரு வருஷம் பிரேக் மிதித்த முட்டி.

மழை ஆரம்பித்த வாரம் ஒரு நாள் காலை, புதிதாக வந்த பெண் ஒருத்தி வண்டியைத் தெருவிளக்குக் கம்பத்தில் கொண்டுபோய் முட்டினாள். ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஹெட்லைட் ஒன்று நொறுங்கிவிட்டது. அக்கா ரோட்டிலிருந்தே புருஷனுக்கு போன் போட்டாள். அவர் என் கடை வாசலில்தான் இருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டார். நானும் கேட்டேன். அதை இன்றுவரை மறுக்கவில்லை.

"எந்தப் பக்கத்து லைட்டு?" என்றார்.

"என் பக்கம்" என்றாள் அக்கா. "இந்தப் பொண்ணு அழுவுது, அப்பறம் பேசறேன்."

மூன்று பேருக்கும் ஜுரம் வந்த மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் முதல் கார் சாமானுக்கு இறக்குமதி வரி ஏறுகிறது. அது அன்றைய பேப்பரில் வந்திருந்தது. அந்த லைட் இங்கே எங்கும் கிடையாது. கம்பெனி போனதிலிருந்து ஒரு கண்ணாடிகூட வருவதில்லை. வேறொரு நாட்டில் மட்டும் அந்த மாடல் இன்னும் ஓடுகிறதாம்.

"இன்னிக்கே ஆர்டர் போட்டாத்தான் பழைய வரி" என்று குதித்தார் கம்பெனி. "தம்பி, கம்ப்யூட்டர்ல ஆர்டர் ஃபாரத்த எடு."

டயர்க்காரர் மட்டும், "எதுக்கு மாப்ள கடல் தாண்டணும்? எங்காளு போட்ட முன்பக்கத்த முழுசா வாங்கி மாட்டிட்டாப் போச்சு. ஒரு மணி நேர வேலை" என்றார்.

"என் வீட்டு வண்டிக்குத் திருட்டு மூஞ்சியா? என் பொணத்து மேல மாட்டுங்க."

மச்சானுக்கு ரோஷம் வந்தது. ஆனால் அறிவைக் காட்டாமலும் இருக்க முடியவில்லை. "சரி, வாங்கறதுதான் வாங்கறீங்க, முழு லைட்டா வாங்காதீங்க. முழுசா வந்தா அது பொருள், முழு வரி. பிரிச்சு வந்தா அது உதிரி, பாதி வரி. கண்ணாடி தனி, கூடு தனி, ஹோல்டர் தனின்னு போடுங்க."

அன்றைக்கு அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். நான் கம்ப்யூட்டரில் தட்டினேன். 'பக்கம்' என்று ஒரு கட்டம் வந்தது. "ஸ்டியரிங் பக்கம்" என்றார் கம்பெனி, யோசிக்காமல். "என் பக்கம்னாளே." நான் அடித்தேன்.

ஒன்பது வாரம். மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அக்கா ஒற்றைக் கண் வண்டியோடு பகலில் பாடம் நடத்தினாள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கவலை. பத்தாவது வாரத்தில் வண்டிக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். சான்று போனால் ஸ்கூல் லைசென்ஸும் போகும். ஒற்றைக் கார் ஸ்கூலுக்குப் புது லைசென்ஸ் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இருப்பதைக் காப்பாற்றினால் உண்டு, விட்டால் போச்சு. எதிர்வரிசைக்காரன் ஏற்கெனவே ஆள் அனுப்பியிருந்தான்: மூடினால் சொல்லுங்கள், சம்பளத்துக்கு வாருங்கள் என்று.

"இன்னும் வரலையா?" என்று தினமும் கேட்பாள்.

"கஸ்டம்ஸ்ல நிக்குது. அவன் அந்தக் கூட்டையே முழு விளக்குன்னு சொல்றான், நாங்க உதிரின்னு சொல்றோம்" என்று பெருமையாகச் சொல்வார் கம்பெனி, ஏதோ நாட்டின் சார்பாகப் பேச்சுவார்த்தைக்குப் போய்வந்தவர் மாதிரி.

முதலில் ஹோல்டர் வந்தது. பதினைந்து நாள் கழித்துக் கூடு. சான்றுக்கு ஆறு நாள் இருக்கும்போது, வைக்கோலுக்குள் புதைத்த கண்ணாடி வந்தது. மூன்று பேரும் சீட்டில் துணி விரித்து வைத்துப் பூட்டினார்கள். நான்கூடக் கடையை விட்டு எழுந்து வந்து பார்த்தேன். மூக்கு அதைத் தூக்கிப்பிடித்து, "என்ன வளைவுய்யா! இத வரஞ்சவன் மனுசனே இல்ல" என்றார். கம்பெனிக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை.

அக்கா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். லைட்டைக் கையில் வாங்கினாள். நொறுங்கிய பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஸ்டியரிங் பக்கத்து லைட்டு" என்றாள்.

"ஆமா."

"ஒடஞ்சது அந்தப் பக்கமாங்க?"

மூன்று பேரும் காரின் மூஞ்சியைப் பார்த்தார்கள். ஒன்பது வாரமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடைந்தது மற்றப் பக்கம்.

"நீதானம்மா சொன்ன, என் பக்கம்னு" என்றார் கம்பெனி. குரல் இறங்கிவிட்டது.

"என் பக்கம்னுதான் சொன்னேன்."

"வண்டி ஓட்டறவ நீ. அப்ப ஸ்டியரிங் பக்கம்தான?"

"நானா ஓட்டறேன்?" என்றாள் அக்கா. அப்போதும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஓட்டறது வர்றவங்க. நான் பக்கத்து சீட்ல பிரேக் மேல கால வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். பதினோரு வருஷமா. எந்த நாட்டுல எத்தன வரி, எவன் எவன் மூஞ்சியத் திருடுனான், எல்லாம் தெரியுது உங்களுக்கு. உங்க பொண்டாட்டி எந்த சீட்ல ஒக்கார்றான்னு தெரியல."

மூக்கு லைட்டை மெதுவாகச் சீட்டில் வைத்தார். எனக்கும் சுருக்கென்று குத்தியது. அந்தக் கட்டத்தில் தட்டியது என் விரல். தினமும் கண்ணெதிரே அவள் எந்தக் கதவைத் திறந்து ஏறுகிறாள் என்று பார்த்தவன் நான். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் அக்கா பாடத்தையெல்லாம் தள்ளிவைத்தாள். "ஜெராக்ஸு, கடையச் சாத்திட்டு வா" என்றாள். அது அழைப்பு இல்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய், பழைய வண்டி உடைக்கிற இடத்தில் இறங்கினோம். சேற்றில் கதவுகளும் பானெட்டுகளும் தோட்டம் போட்ட மாதிரி வரிசையாக நின்றன. உடைக்கிறவர் தலையைத் தூக்காமலே கைவிரித்தார்.

"அந்த மாடல் லைட்டாம்மா? நாலு வருஷமா ஒண்ணு கூட இல்ல. இருந்ததையெல்லாம் கடைக்காரனுங்க அள்ளிட்டுப் போயிட்டானுங்க. உள்ளூர்க் கம்பெனிது வேணும்னா முன்பக்கமே முழுசா கெடக்குது, பாருங்க."

சதுரக் கண், அகல வாய். உள்ளூர்க்காரனுடையது. அக்கா சேற்றில் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பின்னால் இருந்த போல்ட் ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"அதெல்லாம் சரியா உக்காரும்" என்றார் அவர். "ஓட்டையப் பாத்தா ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைங்கதான். மூஞ்சியில மட்டும்தான் சண்ட."

ஞாயிற்றுக்கிழமை டயர்க்காரர் தன் கடையிலேயே அதை மாட்டினார். மழை விட்டு வெயில் அடித்தது. பழைய முன்பக்கத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுப் புதியதைத் தூக்கி வைத்தால், எல்லா போல்ட்டும் கையாலேயே இறங்கியது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா தங்கச்சி, நான் அன்னிக்கே..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, லைட்டப் பிரிச்சுப் போடச் சொன்னது யாரு? ஸ்பானர மட்டும் திருப்பு."

அவர் திருப்பினார். மூக்கு வாயை மூடிக்கொண்டு வண்டியின் நிறத்துக்கே ஓரங்களுக்குப் பெயின்ட் அடித்தார். நன்றாகத்தான் அடித்தார். கம்பெனி அன்று முழுக்க வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சோறு எடுத்துக்கொண்டு போனபோது, "அந்த மூஞ்சிய நான் பாக்க மாட்டேன்" என்றாராம். "உங்கள யாரு பாக்கச் சொன்னா, சாப்பிடுங்க" என்றாளாம் அக்கா.

ஆனால் வண்டி அவர் பெயரில் இருந்தது. சோதனைக்கு உரிமையாளர் நேரில் வந்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை அவர் வண்டிக்குப் பின்பக்கமாகவே சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து ஏறினார். பக்கத்தில் நான், காகிதக் கட்டோடு. முன்னால் டயர்க்காரர். அக்கா ஓட்டினாள். வழியெல்லாம் கம்பெனி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார், பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர் மாதிரி.

போக்குவரத்து ஆபீஸில் இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்த்தார், ஹார்ன் அடித்துப் பார்த்தார், இரண்டு லைட்டும் எரிந்தன. நான் மூச்சு விட்டேன். அவர் வண்டிப் புத்தகத்தைப் பார்த்தார். முன்னால் வந்து நின்று மூஞ்சியைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா இது? புத்தகத்துல ஒரு கம்பெனி, மூஞ்சில இன்னொரு கம்பெனி."

"லைட்டு கெடைக்கல சார். அதான் முன்பக்கத்தையே மாத்திட்டோம்."

"மாடலையே மாத்தறதுன்னா தனி அனுமதி வாங்கணும். மனு குடுங்க. மூணு மாசம் ஆகும்."

"இன்னிக்குச் சான்று வாங்கலன்னா லைசென்ஸ் போயிரும் சார்."

"நான் என்ன பண்றது?" அவர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்தார். "இதப் பத்தி ஏதோ கேஸு கூட நடக்குதில்ல? காப்பி அடிச்சான்னு? காப்பி அடிச்சதுன்னா இது வேற மாடல், என்னால முடியாது. ரெண்டும் ஆரம்பத்துலேருந்தே ஒண்ணுன்னா அதே மாடல், பிரச்சன இல்ல. எதுன்னு தெரிஞ்ச யாராவது எழுதிக் குடுத்தா வச்சுக்கறேன். சும்மா யாரோ இல்ல, அந்தக் கம்பெனியில வேலை பாத்தவங்களா இருக்கணும்."

அக்கா திரும்பவில்லை. டயர்க்காரரும் திரும்பவில்லை. நான் மட்டும்தான் கம்பெனியைப் பார்த்தேன். அவர் அப்போதுதான் முதல் முறையாக வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். அந்தச் சதுரக் கண்ணை, அகல வாயை, சல்லடையைப் பார்த்தார். ஆறு வருஷமாகத் திருட்டு, திருட்டு என்று தொண்டை கிழியக் கத்திய வாய். மச்சானோடு நடுவில் ஒரு மாதம் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்ததும் இதற்காகத்தான். சொந்தப் பெண்டாட்டி ஒன்பது வாரம் ஒற்றைக் கண் வண்டியோடு பாடம் நடத்தியதும் இதற்காகத்தான்.

அவர் பர்ஸைத் திறந்து, ஓரம் பிய்ந்த ஓர் அடையாள அட்டையை எடுத்தார். மூடிப்போன ஷோரூமின் அட்டை. அதை இன்னும் வைத்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"நான் அங்கதான் சார் வேலை பாத்தேன். இருபத்திரண்டு வருஷம்."

"சொல்லுங்க. காப்பியா, ஒண்ணா?"

அவர் அட்டையைப் பர்ஸில் திரும்ப வைத்தார்.

"ஒண்ணுதான் சார்" என்றார். "சேஸ் நம்பர்ல மொதல் ஏழு எழுத்தப் பாருங்க, ரெண்டு வண்டிக்கும் ஒண்ணா இருக்கும். சேஸ் ஒண்ணு, போல்ட்டு ஒண்ணு. மூஞ்சியும் சேந்து போட்டதுதான். யாரும் யாரையும் பாத்துப் போடல."

"எழுதிக் குடுங்க."

நான்தான் பேப்பர் கொடுத்தேன். பானெட்டின் மேல் வைத்தே எழுதினார். ஒரு வார்த்தையைக்கூட அடிக்கவில்லை. 'இரண்டும் ஒரே வடிவமைப்பு. ஒன்று மற்றொன்றின் நகல் அல்ல' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அதன் கீழே தன் பழைய பதவியையும் எழுதினார். இன்ஸ்பெக்டர் உள்ளே கொண்டுபோவதற்கு முன் அதை டயர்க்காரர் வாங்கிப் படித்தார். இந்த ஒரு வரியைத் தன் மாப்பிள்ளை வாயிலிருந்து வரவழைக்க அவர் ஆறு வருஷம் என் வாசலில் நாக்குத் தள்ளப் பேசியிருக்கிறார். இப்போது என்ன ஆட்டம் ஆடப்போகிறாரோ என்று பயந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். மாப்பிள்ளையின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

மத்தியானத்துக்குள் சான்று கைக்கு வந்தது. அக்கா அதை மடித்துத் தன் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டியை எடுத்தாள். நான்கு பேர் உட்கார்ந்திருக்கிற ஒரு காரில் காரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லாமல் நான் போனது அன்றுதான்.

பாலம் தாண்டியதும் அக்கா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

"என்னங்க, நெஜமாவே ரெண்டும் ஒண்ணுதானா?"

கம்பெனி வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். முன்சீட்டில் டயர்க்காரரின் கழுத்து விறைத்தது, ஆனால் திரும்பவில்லை.

"காப்பி அடிச்சதுதான்" என்றார் கம்பெனி. "அப்பட்டமான காப்பி."

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. சிறிது தூரம் போன பிறகு, "தெரிஞ்சுதான் கேட்டேன்" என்றாள்.